ஒரு கேப்டன், இரண்டு மெடல்

திருத்தணி மலைப்பாதையின் இருநூற்றுப் பதினோராம் படியில் உட்கார்ந்திருந்த ஆசாமியை, காலை ஒதுக்கிக்கொள்ளச் சொன்னாள் கெங்கம்மாள்.

அவர் ஒதுக்கவில்லை.

படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவதாக அவளுக்கு வேண்டுதல். ஒரு படியை விட்டாலும் முருகன் ஞாபகம் வைத்துக்கொள்வான்.

"யோவ்... உன்னத்தான். கால நவுத்து."

கெங்கம்மாள் அவர் பாதத்தைச் சுற்றியே மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். கற்பூரம் ஏற்றக் குனிந்தபோதுதான் அவருடைய பின்மண்டையைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் போட்ட சத்தம் அடிவாரம் வரை கேட்டது.

ஏழு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வந்து சேர்ந்தார். பேச முடியாமல் மூச்சு வாங்கினார். அவருடைய தொப்பைக்கு இருநூற்றுப் பதினோரு படி அதிகம்தான்.

ஹெட் கான்ஸ்டபிள் தஸ்தகீர் அதற்குள் பிணத்தின் பையைத் துழாவி முடித்திருந்தார்.

"பேரு ராஜமாணிக்கம் சார். மெட்ராஸ்காரன். பழைய காசு, பழைய மெடல் வாங்கி விக்கிறவன்."

"எப்படிச் செத்தான்?"

"யாரோ தள்ளியிருக்காங்க. படி முனையில மண்ட. அப்பறம் தூக்கி உக்கார வச்சிட்டுப் போயிருக்காங்க. மரியாத தெரிஞ்சவன் சார்."

"கையில என்னய்யா?"

இறுக மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

மெடல்... வீர் சக்ரா! பாதி நீலமும் பாதி ஆரஞ்சுமான ரிப்பன், வெளுத்து ஓரம் பிரிந்திருந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொடி எழுத்து. கேப்டன் பரந்தாமன்.

கூடவே டைப் அடித்த ஒரு காகிதமும் இருந்தது. தஸ்தகீர் படித்தார்.

"பரந்தாமன். ஊர் ஆர்.கே.பேட்டை. பட்டாளத்துல சேந்தது அறுபத்து நாலு. அறுபத்தஞ்சு சண்டையில காயம். எழுபத்தொண்ணு டிசம்பர்ல மேற்கு எல்லையில உயிர் போச்சு. நாலு வருசமாவுது. அவ்ளோதான் சார். ஒரு மனுசன் அரப் பக்கத்துல முடிஞ்சிட்டான்."

"இந்தாளுக்கு எதுக்கு அது?"

"சரித்திரம் இருந்தாத்தான் மெடல் விலை போவும் போல."

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"சம்சாரம் நம்ம ஊருதான் சார். காஞ்சனா டீச்சர். மெடல விலைக்குக் கேட்டான்னு போன மாசம் இந்தாள துடப்பத்தால விரட்டினாங்க. தெருவே பாத்துது."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. காபிக்கு முன்னால் ஒரு கொலைக் கேஸ் முடிவது எல்லாருக்கும் வாய்க்காது.

காஞ்சனா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயது, வெறும் நெற்றி. உள்ளறையில் அவள் மாமனார் இருமிக்கொண்டிருந்தார்.

"கிளம்பும்மா. உன் வீட்டு மெடல் செத்தவன் கையில இருந்துது."

"என் வீட்டு மெடல் என் வீட்லதான் சார் இருக்குது."

மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள்.

இருந்தது!

அதே மெடல், அதே பெயர், அதே புள்ளி எழுத்து. ரிப்பன் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

காஞ்சனா அதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது அந்த ரிப்பன் இல்ல சார். எப்ப மாறுச்சுன்னு தெரியல. நான் இதத் தொறக்கறதே இல்ல. மாமாதான் தெனம் காலையில எடுத்துப் பாப்பாரு. அவருக்குக் கண் சரியா தெரியாது."

"ரிப்பன் மூலையில மஞ்சள் இருக்குதே. நீ வச்சியா?"

"நான் எதுக்குங்க வைக்கறேன்? மஞ்சள் குங்குமம் தொட்டு நாலு வருசமாவுது."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"இந்தப் பெட்டிய வேற யார் தொறப்பாங்க?"

"வேற யாரு... என் கொழுந்தனார் துளசிங்கம். ஆர்.கே.பேட்டையில தறி வச்சிருக்காரு. வாராவாரம் மாமாவப் பாக்க வருவாரு."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "யாரும்மா வந்திருக்கறது?"

"ஸ்கூல்ல இருந்து, மாமா."

புது ரிப்பன் மெடலும் ஜீப்பில் ஏறியது.

துளசிங்கம் நெய்து அறுத்த புடவையை மடித்துக்கொண்டிருந்தார். போலீஸைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு கிண்ணத்தில் குழைத்திருந்த மஞ்சளைத் தொட்டு, புடவை மூலையில் பொட்டாக வைத்துவிட்டு எழுந்தார்.

"எல்லா உருப்படிக்கும் வைப்பியா?" என்றார் தணிகாசலம்.

"ஆங். மஞ்சள் வைக்காம புதுத்துணி எங்க வீட்ட விட்டு வெளிய போவாதுங்க. நைனா பழக்கனது. கை தானா போயிடும்."

"தானாத்தான் போயிருக்கு. பாரு."

மெடலின் ரிப்பனைத் தூக்கிக் காட்டினார்.

துளசிங்கம் ரிப்பனைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். அதில் இன்னும் ஈர மஞ்சள் இருந்தது.

"கொல்லணும்னு நெனைக்கல சார்" என்றார்.

அப்படியே தறி மேல் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணி விக்க மாட்டேன்னுட்டாங்க. அண்ணன் பொருள்ல எனக்கும் பாத்தியத இருக்குதுன்னு நெனச்சேன். போன வாரம் நைனா பாத்து வச்சதும் பெட்டியில இருந்தத எடுத்துகினு போயி, கனகம்மாசத்திரத்துல ஒரு பாத்திரக் கடையில அன்னிக்கே அதே மாதிரி ஒண்ணு செஞ்சேன். ரிப்பன நானே முன்னாடியே நெய்து வச்சிருந்தேன். செஞ்சத பெட்டியில வச்சிட்டு, எடுத்தத இன்னிக்கு வெடிகாலையில மலப்படியில வச்சு அவன்கிட்ட குடுத்தேன்."

"அப்பறம் ஏன்யா சண்ட?"

"இது போலின்னுட்டான் சார். பட்டாளத்து எழுத்து கோடா வெட்டியிருக்குமாம், இது கொடத்துல பேர் வெட்டற புள்ளி எழுத்தாம். 'உங்கப்பன்கிட்டயே போய்க் கேக்கறேன்'னு படி எறங்கனான். நைனாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுடுவாரு சார். கையப் புடிச்சு இழுத்தேன்... விழுந்துட்டான்."

"உக்கார வச்சது?"

"உக்காந்திருந்தா வேண்டுதல்னு விட்டுடுவாங்கன்னு பாத்தேன். மெடல எடுக்கறதுக்குள்ள கீழ அரோகரா சத்தம் கேட்டுது."

விலங்கு மாட்டியாயிற்று. தஸ்தகீரைக் கனகம்மாசத்திரத்துப் பாத்திரக் கடைக்கு அனுப்பிவிட்டு, தணிகாசலம் சாயங்காலம் மறுபடி காஞ்சனா வீட்டுக்குப் போனார். ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது.

"உன் மேல கேஸ் இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்லு. பெட்டியில முதல்ல இருந்தது போலின்னு அந்த மெட்ராஸ்காரன் சொன்னானாம். நெசமா?"

காஞ்சனா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நெசம்தான் சார். ரிப்பன் மட்டும் அசல்."

"அசல் மெடல் எங்க?"

அவள் ஜன்னல் வழியே மலையைக் காட்டினாள்.

"அவரு உசுரோட திரும்பி வந்தா வெள்ளியில வேல் சாத்தறேன்னு வேண்டிகினேன். அவரு வரல. இதுதான் வந்துது. கோவத்துல மேல போயி, 'வெள்ளி தானே வேணும், இந்தா'ன்னு ரிப்பன மட்டும் கழட்டிகினு உண்டியல்ல போட்டுட்டேன். வீட்டுக்கு வந்தப்பறம்தான் மாமா நெனப்பு வந்துது. தெனம் பாப்பாரே... அதான் ஒண்ணு செஞ்சு வச்சேன்."

உண்டியலில் விழுந்தது முருகனுடையது. வெள்ளியை எப்போதோ உருக்கியிருப்பார்கள்.

தணிகாசலம் புது ரிப்பன் மெடலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"கோர்ட்டுக்கு ஒண்ணு போதும். இது இங்கயே இருக்கட்டும். பெரியவர் காலையில தேடுவாரு."

"மெடலுக்கு மாத்து இருக்குது சார். சின்னவன் எங்கன்னு கேப்பாரு. அதுக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

அவள் அழுதாள். தணிகாசலம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தஸ்தகீர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கடைக்காரன் ஒத்துகினான் சார். மொத மெடல் செஞ்சதும் அவன்தானாம்."

"அப்ப ரெண்டாவது தடவ ஏன்யா 'இது நான் செஞ்சதாச்சே'ன்னு துளசிங்கத்துக்கிட்ட சொல்லல?"

"கேட்டேன் சார். வழக்கமா வர்ற குடும்பமாச்சேன்னு அஞ்சு ரூவா கொறச்சிகினானாம்."