மிதந்த புள்ளிகள்

"அம்மா, நாம போறதுக்குள்ள அப்பாவோட படகு வந்துடுமா?"

காலையிலிருந்து ஷின்யூ இதைக் கேட்பது ஏழாவது முறை. நான்கு மாதம் கடலில் இருந்துவிட்டு அப்பா இன்று ஆறு மணிக்கு சூஆவ் துறைமுகத்துக்கு வருகிறார்.

"அஞ்சு மணிக்குள்ள அளவையெல்லாம் அனுப்பிட்டா கிளம்பிடலாம். நாளைக்கு வாய்க்கால் தோண்ட வண்டி வருது," என்றார் அம்மா.

அம்மா நிலம் அளப்பவர். வாய்க்கால் வரப்போகும் வயலோரத்தில் அளவுகோலை ஒருவர் நட்டுப் பிடிக்க, அம்மா டேப்லெட்டைத் தட்டுவார். கோலின் உச்சியில் உள்ள கருவி காட்டும் உயரத்திலிருந்து கோலின் நீளத்தைக் கழித்து, தரையில் அந்த இடம் ஒரு புள்ளியாகப் பதிவாகும். பிறகு டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தால், கேமராவில் தெரியும் வயலின் மேலேயே எல்லாப் புள்ளிகளும் சிவப்பாகத் தெரியும்.

விடுமுறை என்பதால் காலையில் கோலைப் பிடித்தது ஷின்யூதான். அவளுக்காக அம்மா கோலை ஒன்றரை மீட்டருக்குச் சுருக்கி, அந்த உயரத்தை டேப்லெட்டிலும் பதித்திருந்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாக்கள் காலியானதும், வழக்கம்போல அட்டைப்பெட்டிகளைத் தரையில் விரித்துக் குட்டித் தூக்கம். அம்மாவோடு வேலை செய்யும் ஆஹாவ் மாமா விட்ட குறட்டையில் வயலில் நின்ற கொக்குகள் பறந்தே போய்விட்டன. எழுந்ததும் மாமா கோலை வாங்கிக்கொண்டார். முப்பது புள்ளிகள் மளமளவென்று முடிந்தன.

நாலரை மணிக்கு டேப்லெட்டை உயர்த்திப் பார்த்த அம்மாவின் முகம் வாடியது.

"ஐயோ, பாதிப் புள்ளி அந்தரத்துல நிக்குது! இப்படியே அனுப்பினா வாய்க்கால்ல தண்ணி எப்படி ஓடும்? மறுபடி அளக்கணும்."

"அப்போ அப்பா?"

அம்மா மணியைப் பார்த்தார். ஷின்யூவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டேப்லெட்டை வாங்கி, வரப்போடு நடந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள்.

"அம்மா, காலையில எடுத்ததெல்லாம் சமத்தா தரையில இருக்கு. தூங்கி எழுந்தப்புறம் எடுத்தது மட்டும்தான் மிதக்குது. அதுவும் எல்லாம் ஒரே உயரம். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல!"

சட்டென்று மாமாவின் கையில் இருந்த கோலைப் பார்த்தாள். அது அவள் தலைக்கு மேலே எங்கேயோ நின்றது.

"மாமா, கோலை நீட்டினீங்களா?"

மாமா தலையைச் சொறிந்தார். "குனிஞ்சு பிடிச்சா இடுப்பு வலிக்குது கண்ணு. ரெண்டு மீட்டர் ஆக்கினேன். தூக்கக் கலக்கத்துல சொல்ல மறந்துட்டேன்க்கா."

அம்மா வாயைத் திறப்பதற்குள் ஷின்யூ முந்திக்கொண்டாள். "மாமாவைத் திட்டாதம்மா! நான் குள்ளமா இருக்கப் போய்தானே கோலைச் சுருக்கினோம்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் எடுத்த முப்பது புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, கோலின் உயரத்தை இரண்டு மீட்டர் என்று திருத்தினார். அத்தனை புள்ளிகளும் ஒன்றாகத் தரையில் இறங்கின.

"எதுக்கும் ஒண்ணை மட்டும் மறுபடி அளந்து பாரும்மா," என்றாள் ஷின்யூ.

அளந்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அளவுகள் போய்ச் சேர்ந்தன.

மூவரும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீன் வாடையோடு வந்து இறங்கிய அப்பா, ஷின்யூவை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டார்.

"ஆஹாவ், இங்க பாரு. இன்னொரு புள்ளி மிதக்குது!" என்று அம்மா சிரித்தார்.

ஷின்யூ அப்பாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இதை மட்டும் திருத்தாதம்மா!"