அறுபது அடிக்குக் கீழே

ரஃபியா வைத்த தேநீர் கட்டிலோரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் ஜெய்த்தூன் பீவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்கையால நான் டீ குடிக்கணும்னா, மொதல்ல நீ யாருன்னு தெரியணும்டி! எம்மகன் மஸ்கட்டுல கல்யாணமே ஆகலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறானாம்… அப்ப இந்த வீட்டுல இத்தனை வருசமா நீ யாரு?”

முந்தின நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் மகன் உமர் பாருக் மூட்டிவிட்டுப் போன நெருப்பு அது. அவனும் மஸ்கட்டில்தான் வேலை பார்க்கிறான், விடுப்பில் வந்திருக்கிறான். ‘அங்கன எல்லாரும் நௌஷாதை பேச்சிலர்னுதான் சொல்றாக மாமி’ என்று பிரியாணியைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டான்.

ரஃபியா கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை போதும், பழி தீர்ந்துவிடும். அந்த வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியாது.

மகன் கடலோரக் கடையொன்றில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கிறான் என்றே ஜெய்த்தூன் பீவி நம்பியிருந்தாள். முல்லையாற்று வெள்ளத்துக்குக் கணவனைப் பறிகொடுத்தவள். பாலத்தைக் கடக்கும்போதுகூட முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொள்வாள். ஆனால் நௌஷாத் அந்தச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள்ளேயே இறங்குகிறவன்.

முதலில் சுற்றுலா வந்தவர்களுக்கு மீன் காட்டும் ஆழம்தான். ஏதாவது ஆனால் நேராக மேலே வந்துவிடலாம். அதற்கும் கீழே வேறொரு வேலை இருந்தது. நாலைந்து சிலிண்டர்களில் ஆழத்துக்கென்றே கலந்த காற்றைச் சுமந்து, மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள் வரை போவது. அங்கிருந்து நினைத்தவுடன் ஏற முடியாது. கயிற்றைப் பிடித்து, நின்று நின்று, மெல்லத்தான் வர வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்று கொப்புளித்து ஆளையே முடித்துவிடும்.

அந்த ஆழத்துக்குப் போகும் குழுவின் தலைவர் ஸ்கரியா, கோட்டயத்துக்காரர். கல்யாணமானவர்களை அறுபது அடிக்குக் கீழே அழைத்துப் போவதில்லை என்பது அவருடைய விதி.

அதைப் போனில் சொன்ன அன்று நௌஷாதின் குரலில் இருந்த ஏக்கம் ரஃபியாவைத் தூங்க விடவில்லை. மறுநாள் அவளே சொன்னாள்: “என்னைய இல்லைன்னு சொல்லிருங்க.”

அன்று முதல் அந்த ஆழம் அவளுடையதும் ஆயிற்று. கீழே போகப் போக நிறங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுமாம், முதலில் போவது சிவப்பாம். கயிற்றில் நிற்கும்போது செய்ய ஒன்றுமே இருக்காதாம், ‘அப்ப உன்னையத்தான் நெனச்சுக்கிட்டிருப்பேன் புள்ள’ என்பான். மார்கழிக் காலைகளில் மேகமலையிலிருந்து பனி இறங்கித் திராட்சைப் பந்தல்களை மூடும். ரஃபியா கொல்லைக் கதவில் சாய்ந்து நிற்பாள். பள்ளத்தாக்கு மெல்ல மெல்லக் கடலாகும். அந்த வெண்மையின் அடியில் எங்கோ ஒரு கயிற்றில், அவன் அவளை நினைத்துக்கொண்டு நிற்பான்…

“என்னடி கனாக் காண்றே? வாயத் தொற! எங்குட்டாச்சும் இன்னொருத்திய வச்சிருக்கானா? இல்ல, வேணாம்னு சொல்ற அளவுக்கு நீ என்ன குறை வச்ச?”

“ஒண்ணுமில்ல மாமி…”

“ஒண்ணுமில்லையா! ஜும்மா தொழுகை முடியட்டும், ஜமாத்துல சொல்லி அத்துவிடச் சொல்றேன். உங்கத்தா அம்மா வீட்டுக்குக் கிளம்பு!”

ரஃபியாவின் கண்கள் நிரம்பின. சொன்னால் தான் தப்பிக்கலாம். இந்தத் தாயோ அதன்பின் ஒவ்வொரு நாளும் ஆற்றில் முழுகி எழுவாள்.

“போறேன் மாமி” என்றாள்.

அந்தப் பதில்தான் ஜெய்த்தூன் பீவியை உலுக்கியது. செல்போனை எடுத்து மகனை அழைத்தாள். ஊரே கேட்கட்டும் என்பதுபோல் ஸ்பீக்கரை அழுத்தினாள். மறுமுனையில் அலைச்சத்தம், படகு மோட்டார்.

“ஏலே, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா, இல்லையா? சத்தமாச் சொல்லு!”

ரஃபியாவுக்கு உயிரே போயிற்று. படகில் ஸ்கரியா இருப்பார். குமுளியில் கடை வைத்திருந்தவர், தமிழ் நன்றாகத் தெரியும்.

“மாமி, வச்சிருங்க! அப்புறம் பேசலாம்…”

“பாத்தியா, பயப்படுறா!”

“ஆராடா மோனே?” என்று ஒரு முரட்டு மலையாளக் குரல் அங்கே கேட்டது.

“எங்கம்மா சார்.”

பிறகு நௌஷாத் தெளிவாகச் சொன்னான்.

“ஆயிருச்சும்மா. ரஃபியாதான் எம்பொண்டாட்டி.”

“பின்ன ஏன்டா இல்லைன்னே?”

“கல்யாணமானவனை ஆழத்துக்குக் கூட்டிப் போகமாட்டாகம்மா. நான் காத்து அடைக்கிறவன் இல்ல… கடலுக்குள்ள போறேன். தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னுதான் அவ உன் ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு நிக்கிறா.”

ஜெய்த்தூன் பீவி கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள். “எம்புட்டு ஆழம்டா…?”

அங்கே போன் கை மாறியது.

“அம்மா, நான் ஸ்கரியா. இன்னிலேருந்து உங்க மகன் அறுபது அடிக்குக் கீழ போகமாட்டான். மோளே, நீயும் கேளு. கீழ ஆழத்துல செத்த ஒருத்தனோட சம்சாரத்துக்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். இன்னொரு வாசல்ல போயி நிக்க எனக்குத் தெம்பில்ல. அதுக்குத்தான் இந்த விதி. நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டப் பொய் சொன்னது சரியில்ல மோளே.”

“சரியில்லதான் சார்” என்றாள் ரஃபியா. அவன் ஏக்கத்தைத் தீர்த்ததாகத்தான் நினைத்திருந்தாள். அவர் வந்து நிற்கப்போகும் வாசல் தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நௌஷாத் மறுபடி போனில் வந்தான்.

“கோபமாங்க?” என்றாள் ரஃபியா.

“இல்ல புள்ள. வருத்தமாத்தான் இருக்கு… இருக்கட்டும். அம்மா இன்னொரு தடவ கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.”

தொடர்பு அறுந்தது.

ஜெய்த்தூன் பீவி மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். “அடிப் பாவி மகளே! நான் பேசுன பேச்சுக்கு நீ ஒரு வார்த்த எதுத்துச் சொல்லிருக்கக் கூடாதா? அத்துவிடச் சொல்றேன்னேனே… அதுக்கும் போறேங்கிறியே!”

“உங்களப் பயப்பட வச்சிட்டு நான் இங்கன எப்படி மாமி நிம்மதியா இருப்பேன்?”

இருவரும் அழுது தீர்த்தார்கள். அழுகை ஓய்ந்தபின் ஜெய்த்தூன் பீவி, யாரும் இதுவரை ரஃபியாவிடம் கேட்காததைக் கேட்டாள்.

“அங்கன அப்படி என்னதான்டி இருக்கு? எம்மகன் உன்னையே இல்லைன்னு சொல்ற அளவுக்கு?”

ரஃபியா தரையில் அமர்ந்து, மாமியாரின் முழங்காலில் தலை சாய்த்தாள்.

“ஒரு கப்பல் படுத்திருக்கு மாமி. சன்னலெல்லாம் தொறந்தே இருக்கும். லைட்டடிச்சா உள்ள இருந்து மீன் கூட்டமா வந்து, இவுக மூஞ்சியப் பாத்துட்டு ரெண்டாப் பிரிஞ்சு போகுமாம்…”

“கடிக்காதா?”

“கடிக்காதாம். வழி விடுமாம்.”

அவளுடைய கூந்தலைக் கோதிக்கொண்டே ஜெய்த்தூன் பீவி கண்களை மூடிக்கொண்டாள்.

“இன்னும் சொல்லுத்தா” என்றாள்.