எழுபத்திரண்டு... எழுபத்திரண்டு!

போன் அலறியது!

நிறுவனர் எடுக்கவில்லை. கழுத்து டையின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் சற்று நேரத்தில் ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் தன் கண்டுபிடிப்பை விளக்க வேண்டும். கையில் கட்டும் பட்டை ஒன்று. இதயம் தகராறு செய்தால் பிள்ளைகளின் செல்போனுக்கு உடனே தகவல் போகும். ஆஸ்பத்திரி தலையாட்டிவிட்டால், வீடு திரும்பும் இதய நோயாளிகள் அத்தனை பேர் கையிலும் அந்தப் பட்டைதான்!

போன் மறுபடி அலறியது. மனைவி!

"என்னங்க... அப்பா கதவைத் திறக்க மாட்டேங்கிறாரு! உள்ள அவர் போன் அடிக்கிறது எனக்கே கேக்குது... எடுக்க மாட்டேங்கிறாரு!"

நிறுவனர் செல்போனில் பட்டையின் ஆப்பைத் திறந்தார். மாமனார்தான் அவருடைய முதல் நோயாளி. பட்டை கட்டிய முதல் கை அவருடையது.

பச்சை விளக்கு.

"பதறாதம்மா. நாடி எழுபத்திரண்டு! சுகமா தூங்குறாரு."

"நீங்க ஆப்பையே பாத்துட்டு இருங்க. நான் போலீசைக் கூப்பிடுறேன்!"

அலறியடித்துக்கொண்டு நிறுவனர் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பெண் இன்ஸ்பெக்டர் கதவை உடைத்து முடித்திருந்தார். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது.

படுக்கையறை.

கட்டிலருகே ஒரு தட்டு. தட்டில்... ஒரு கத்தி!

கட்டிலில் கசங்கிய போர்வை. போர்வைக்கு அடியில் ஒரு மேடு. அசைவே இல்லை!

"அப்பா...!" வீடே அதிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் போர்வையைச் சரேலென்று உருவினார்.

உள்ளே...

ஒரு வெள்ளரிக்காய்!

அதன் வயிற்றில் இறுக்கிக் கட்டிய பட்டை. பச்சையாய்க் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் நிறுவனரின் செல்போனை எட்டிப் பார்த்தார். "நாடி எழுபத்திரண்டு. ஆழ்ந்த உறக்கம். போதிய தண்ணீர் குடிக்கவும்... ஏன் சார், இவர்தான் உங்க மாமனாரா?"

"மேடம்... யாரோ மாமாவைக் கடத்திட்டு, சந்தேகம் வராம இருக்க இதைக் கட்டிட்டுப் போயிருக்காங்க! போட்டி கம்பெனியா இருக்கும்!"

"கடத்தினவன் யாருன்னு அப்புறம் பாப்போம். காய்க்கு எப்படி நாடி துடிக்குது? அதைச் சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. தன் புரோகிராமருக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார்... கோபப்படாதீங்க. சிக்னல் கிடைக்கலைன்னா திரையில கோடு அறுந்து போகுது, பணம் போட வர்றவங்க முன்னாடி அசிங்கமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? 'அறுந்த எடத்துல எழுபத்திரண்டைப் போட்டு ஒட்டிடு'ன்னு..."

"அது அன்னிக்கு டெமோவுக்கு மட்டும்டா!"

"அதுக்கப்புறம் எடுத்துடுன்னு யாரும் சொல்லலையே சார்..."

நிறுவனருக்கு, பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கிடந்த மாமனாரின் செல்போனைக் கையில் எடுத்தார். திரையைத் தள்ளினார். புருவம் உயர்ந்தது.

"கடைசியா இதுல இருந்து போன கால் உங்களுக்குத்தான். நேத்து சாயங்காலம். என்ன பேசினாரு?"

"அது... சும்மா... நலம் விசாரிச்சாரு."

"நாலு தடவையா?"

நிறுவனர் டையின் முடிச்சைத் தளர்த்தினார்.

"சார்... கேக்குறேன்ல!"

"நெஞ்சு கனமா இருக்குன்னாரு மேடம்... நான் ஆப்பைப் பாத்தேன். எழுபத்திரண்டு. 'நீங்க நல்லாத்தான் இருக்கீங்க மாமா, வாயுவா இருக்கும்'னு சொல்லி வச்சுட்டேன்..."

மனைவி அழவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"எங்கப்பா வாயால சொன்னாரு. அது காதுல ஏறல. பட்டை சொன்னது ஏறிடுச்சு. அப்படித்தானே?"

நிறுவனருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொலைகாரன் வேறு யாருமில்லை, தான்தான் என்று புரிந்தது.

இன்ஸ்பெக்டரின் போன் கிணுகிணுத்தது. ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கச் சொல்லியிருந்தார்.

"சொல்லுய்யா... எந்த ஆஸ்பத்திரி?... உயிரோட...? சரி."

வைத்துவிட்டு நிறுவனரைப் பார்த்தார்.

"கிளம்புங்க. இன்னிக்கு நீங்க டை கட்டிட்டுப் போக இருந்த அதே ஆஸ்பத்திரி!"

மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். திருப்பிப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர். பக்கத்தில் தலைமை டாக்டர்.

"அடைப்பை எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." டாக்டர் மீதியைச் சொல்லவில்லை.

"அப்பா! எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உன்னைப் பதற வைக்க வேணாம்னு மாப்பிள்ளைக்குப் பண்ணேன்மா. அவரு வாயுன்னுட்டாரு. யோசிச்சேன். எனக்கு வலிக்குது, பட்டை வலிக்கலைங்குது. ரெண்டுல ஒண்ணு வித்தவுட் டிக்கெட்! தட்டுல இருந்த வெள்ளரிக்காய்க்குக் கட்டிப் பாத்தேன். அதுக்கும் எழுபத்திரண்டு! அப்படியே போட்டுட்டு, கதவை இழுத்துச் சாத்திட்டு, தெருமுனையில வண்டி பிடிச்சு வந்துட்டேன். அவசரத்துல போனை விட்டுட்டேன். உன் நம்பர் எனக்கு மனப்பாடமாவா தெரியும்?"

கொஞ்சம் நிறுத்தினார்.

"முன்னெல்லாம் நீ தினமும் கூப்பிடுவ. பட்டை வந்ததுல இருந்து பச்சை விளக்கைப் பாத்துட்டு நீயும் விட்டுடுற."

இப்போதுதான் மகள் அழுதாள். அப்பாவின் கையை விடவே இல்லை.

நிறுவனர் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

"டாக்டர்... இன்னிக்கு டெமோ வேணாம். முதல்ல அந்த எழுபத்திரண்டை எடுக்கணும். கோடு அறுந்தா அறுந்ததாவே காட்டணும். அலாரம் அடிக்கணும்."

"டெமோவா? அதான் முடிஞ்சிடுச்சே!" டாக்டர் சிரித்தார். "சரி பண்ணிட்டு வாங்க. பாக்கலாம்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, மாப்பிள்ளை மேல புகார் குடுக்கிறீங்களா?"

"எதுக்கும்மா? என் பொண்ணுகிட்ட விட்டுடுங்க. தண்டனை அங்கதான் ஜாஸ்தி!"

இன்ஸ்பெக்டர் பட்டையை மகளிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாங்கினாள். கணவனின் கையைப் பிடித்து இழுத்து... இறுக்கிக் கட்டினாள்.

"என்னம்மா பண்ற? நீ பாக்குற பார்வையில எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது... நெசமாத்தான்!"

அவள் நிதானமாக செல்போன் திரையைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு. நல்லாத்தான் இருக்கீங்க... வாயுவா இருக்கும்!"