மூன்று நாள் இருட்டு

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. காற்றுக் குமிழ் விடும் மோட்டார் நின்று, மீன்தொட்டியில் தண்ணீர் அலுங்காமல் கிடந்தது. பாசி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் முளைத்திருந்த பச்சை இழைகள் எல்லாம் சேர்ந்து இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, மறுபடி இடப்பக்கம் போயின. தேவகுமாரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, லாரி ஏதாவது போய்த் தரை அதிர்கிறதா என்று காலை ஊன்றிப் பார்த்தாள். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. இந்தச் சனியனை நேற்றுத்தானே வழித்துப் போட்டோம் என்று அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

தொட்டி அவள் புருஷன் ஜேசுதாஸுடையது. ஏற்காட்டு பேங்குக்கு மாற்றலாகி வந்த தூத்துக்குடிக்காரன், மலையில் மூச்சு முட்டுகிறது என்று புலம்பிப் புலம்பி, கேன் கேனாகக் கடல் தண்ணீரையும் ஈரச்சாக்கில் சுற்றிய பாறைக் கற்களையும் லாரியில் ஏற்றிவந்து, நாகலூர் வாடகை வீட்டின் முன்னறையில் கடலில் ஒரு துண்டை வைத்துவிட்டான். இப்போது அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் ஆறு வயது மகள் சுந்தரியும்தான். தொட்டியில் இருந்த ஒரே மீன், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன், சுந்தரிக்கு உயிர். அது செத்துப்போனால் பிள்ளை சோற்றைத் தொடமாட்டாள்.

பாசியை இனம் காண ஜேசுதாஸ் சொல்லிக் கொடுத்திருந்தான். வழுவழுவென்று ஏடாக உரிந்தால் செம்பாசி, குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். பட்டாணி அளவில் குமிழ் குமிழாக இருந்தால் உடையாமல் கிள்ள வேண்டும். மயிராக வளர்ந்தால் பிடுங்கிவிட்டு மீனுக்குத் தீனியைக் குறைக்க வேண்டும். தேவகுமாரி முழங்கை வரை கையை விட்டு ஒரு கொத்தைப் பிடித்தாள். மார்கழிக் குளிரில் தண்ணீர் விரலை வெட்டியது. பாசி வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மயிர் போல. இழுத்தால் ஏடாகவும் வரவில்லை, பிய்ந்தும் வரவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டது. உதறிவிட்டு, பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஆபீஸ் போனுக்கு ஓடினாள்.

"தொட்டியில குறைஞ்ச தண்ணிக்கு எதை ஊத்துன?" என்றான் ஜேசுதாஸ்.

"நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க. வேற எங்க போறது?"

"காப்பிப்பழம் அலசுற சீசன்ல அதையா ஊத்துவாங்க? கழிவுத் தண்ணியெல்லாம் அந்தக் கிணத்துலதான் ஊறுது. பாசிக்குப் பால் வார்த்து வளத்துருக்க. சரி, மூணு நாளைக்குத் தீனி போடாத. கம்பளியை எடுத்துத் தொட்டியை முழுசா மூடு, ஒரு பொட்டு வெளிச்சம் போகக்கூடாது. பட்டினியும் இருட்டும்தான் அதுக்கு மருந்து. மீனு தாங்கும்."

"ஏனுங்க, இது வேற மாதிரி இருக்குதுங்க. தொட்டா சூடா இருக்குது."

"சூடாவது, ஒண்ணாவது" என்று வைத்துவிட்டான்.

கம்பளியைப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்தாள், அரிசி களைந்தால் உலை வைக்க மறந்தாள். ஜன்னல் இடுக்கில் பனிமூட்டம் நுழையும்போதெல்லாம் எஸ்டேட்டின் புளித்த காப்பிப்பழ வாடை வந்தது, அதற்கு அடியில் கருவாட்டு வாடை வந்தது. கம்பளிக்குள்ளே யாரோ ஈரத்துணியை மெல்ல இழுப்பது போல் ஒரு சத்தம். காதைக் கொடுத்தால் நின்றுவிடும். அடுப்படிக்குத் திரும்பினால் தொடங்கும்.

மறுநாள் சாயங்காலம் ஒரு செங்கல் நகர்ந்திருந்தது. தொட்டி ஓரத்தில் ஸ்டூல் கிடந்தது. கீழே டார்ச்.

"சாமி, நீ தொறந்தியா?"

"மீனு பாவமுங்கம்மா. இருட்டுல பயந்துக்கும். ஏறி நின்னு தலைய உள்ள உட்டு டார்ச் அடிச்சேன். தண்ணி மூஞ்சில பட்டுருச்சு." சுந்தரி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்.

தேவகுமாரி ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை, கசக்கிக்கொண்டே இருந்தது.

விடிந்தபோது இரண்டு கண்ணும் செக்கச்செவேலென்று இருந்தன. வீட்டு வேலைக்கு வந்த சின்னத்தாயி முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு வலிங்க. செம்மநத்தத்துல ஊட்டுக்கு ஊடு இருக்குது. நந்தியாவட்டப் பூவ ஒத்திக் கட்டி, இருட்டுல படுக்க வையுங்க. நொம்ப வெளிச்சம் ஆவாது." அப்படியே செய்து, உள்ளறையில் படுக்க வைத்தாள். வேலை முடிந்து சின்னத்தாயி கிளம்பியதும் வீடு அவளைப் பிடித்து அழுத்தியது. அடித்த கை அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள், மூன்று நாள் கெடு முடிந்து, பொழுது சாயும் நேரம் கம்பளியை எடுத்தாள்.

தொட்டி சுத்தம். ஒரு இழை கிடையாது. கல்லெல்லாம் வெள்ளைவெளேரென்று துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். மீனைக் காணவில்லை. டார்ச்சை அடித்தாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து மீன் வந்தது. வெளிச்சத்தைப் பார்த்து நேராக வந்தது. கண்ணாடியில் முட்டி நின்றது. அதற்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இழை, கற்றையாக. உடம்பைத் திருப்பியது. அந்தப் பக்கமும்.

இருட்டில் பாசி சாகவில்லை. இடம் மாறியிருந்தது. உப்பு ஈரம் வேண்டும். வெளிச்சம் நுழைய ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான் அதற்கு.

"அம்மா" என்றது உள்ளறை. "கண்ணு அரிக்குதுங்கம்மா."

ஓடினாள். கண்கட்டை அவிழ்த்தாள். பூ சாறில்லாமல் சக்கையாகக் கிடந்தது. இமைகள் மூடியிருந்தன. இமைமயிர் அடர்ந்திருந்தது. நேற்று இவ்வளவு இல்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். இமைமயிருக்கு நடுவே பச்சை. மெல்லியது. புதியது. வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தது.

டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினாள். அதுவும் இடப்பக்கம் வந்தது.

டார்ச்சை அணைத்தாள்.

கும்மிருட்டு. கர்த்தரே, கர்த்தரே என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. அழுகை வந்தது. அழக்கூடாது என்று தெரிந்தது. வாயைப் பொத்தினாள். கண்ணை என்ன செய்வது. வழிந்தது.

"அழுவாதீங்கம்மா." கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கைகள் அவள் மடியைத் தடவின, தோளைத் தடவின. பிள்ளை ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஈரமான கன்னத்தின் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டது.

வெதுவெதுப்பு. மெல்ல, நூல் நூலாக, கண்ணீர் வந்த வழியிலேயே மேலே ஏறியது.

தேவகுமாரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிள்ளையைத் தள்ளவில்லை. இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். இழை இமையோரத்தில் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தது.