மேடேறாத வண்டி

குழாயில் கொட்டிய தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. ரெண்டு நாள் ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதைக்குள் தேங்கிய தண்ணீர். விடியற்காலையில் கை விறைக்க வேண்டும். சங்கரபாண்டியன் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது மாதிரி இருந்தது. வேட்டியில் அவசரமாகத் துடைத்தார்.

பாதையை அடைத்துப் போட்டிருந்த கருவேல முள்ளை நேற்று சாயங்காலம் விலக்கியவர் அவர்தான். தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை டிராக்டரில் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. மறுபடி மழை பிடித்ததும், முள்ளை இழுத்துப் போடாமலே டீக்கடைக்கு ஓடிவிட்டார். அங்கே நிற்கும்போது ஒரு ஸ்கூட்டி பள்ளத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. மேடேறும் சத்தம் கேட்கவில்லை. பாவி மனுஷன், டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. இருட்டியபிறகு வந்து முள்ளைப் பழையபடி போட்டதோடு சரி.

வேலுச்சாமி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, எம்மக பானுப்பிரியா ராத்திரி வீடு வந்து சேரல. வெடி கம்பெனியில கேட்டா அப்பவே கெளம்பிட்டாங்காக. இந்தப் பக்கம் ஸ்கூட்டி ஏதும் வந்துச்சா?"

"முள்ளுல்ல கெடந்துச்சு. எவன் வருவான்?"

வேலுச்சாமிக்கு மூச்சு வந்தது. "அப்ப சரி. முள்ளு கெடந்தா சுத்தித்தான் போயிருப்பா. வெவரமான பிள்ள."

இன்ஜின் உறுமியது. குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. சங்கரபாண்டியன் அணைத்தார்.

"அடியில என்னமோ அடைச்சிருக்கு. நீங்க இருங்க, நான் எறங்குதேன்" என்றார் வேலுச்சாமி.

சங்கரபாண்டியன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். வேலுச்சாமி பாலத்தடி இருட்டுக்குள், மார்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் குனிந்து துழாவினார். நின்றார். யாரிடமோ மெதுவாகப் பேசினார்.

சிரித்தார்.

"அண்ணாச்சி! இங்கனதான் நிக்கா. ஒண்ணும் ஆகலையாம்."

சங்கரபாண்டியன் இன்ஜின் பக்கம் பின்வாங்கினார்.

"முள்ளே கெடக்கலையாமே, அண்ணாச்சி?"

குரலில் கோபமில்லை. வெறும் கேள்வி.

வேலுச்சாமியின் தோளில் ஒரு கை இருந்தது. ஊறி வெளுத்த கை. நகமெல்லாம் வெடி கம்பெனி அலுமினியப் பவுடர்.

வேலுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல, பார்த்துப் பார்த்து, கரையை நோக்கி நடந்தார். தண்ணீர் அவர் இடுப்புக்கு இறங்கியது. முழங்காலுக்கு இறங்கியது. அவருக்குப் பின்னால் கூந்தல் மட்டும் தண்ணீர்மேல் விரிந்து வந்தது.