போதும்னு சொல்ற வரைக்கும்

மூன்றாவது படத்துக்குத்தான் பம்பரம் அசையாமல் நின்றான். அதுதான் முதலில் உறுத்தியது.

ஸ்டுடியோக்காரர் மனைவியின் தம்பிக்கு அந்தப் பெயர் எப்போது ஒட்டியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. முப்பத்தாறு வயது வெல்டர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஓரிடத்தில் ஒரு நிமிடம் கால் தரிக்காது. குடும்பப் படம் எப்போது எடுத்தாலும் எல்லா முகமும் தெளிவாக விழும், அவன் முகம் மட்டும் ஈரக்கையால் தேய்த்த மாதிரி கலைந்து கிடக்கும். ஸ்டுடியோக்காரருக்கு இருபது வருடமாக அது ஒரு குறை.

அவனைத்தான் விடியுமுன்னே கடலுக்குள் முப்பது காலடி தள்ளியிருந்த தட்டைப் பாறையில், முதுகைக் கரைக்குக் காட்டி நிறுத்தியிருந்தார். காலண்டர் கம்பெனி பதினொரு மாதத்துக்கும் வேறு ஆளிடம் படம் வாங்கிவிட்டது. டிசம்பர் மட்டும் பாக்கி. பாஸ்போர்ட் படம் எடுத்தே தேய்ந்த மனிதருக்கு அது ஒன்றுதான் வழி. வெறும் கடல் எடுபடாது, நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

"அவனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணிப் பக்கம் விடாதீங்க" என்று கிளம்பும்போது மனைவி சொன்னாள்.

"கைக்குழந்தையா அவன்?" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அலையெல்லாம் புகையாகிவிடும். நகருகிறது எதுவும் படத்தில் தங்காது, நிற்கிறது மட்டும் தங்கும். முதல் இரண்டு படத்திலும் பாறை தங்கியது. பம்பரம் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் இருந்தது.

"மாமா, மூக்கு அரிக்குது!"

"அரிக்கட்டும்!"

"கீழ பாசி மாமா, வழுக்குது. தண்ணி வேற ஏறுது."

"வெளிச்சம் வந்துட்டா எல்லாம் போச்சுடா! செத்த பொணம் மாதிரி நில்லு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

"பொணத்துக்கு டீ உண்டா?"

"ரெண்டா வாங்கித் தரேன். திரும்பு."

சிரித்துக்கொண்டே திரும்பினான்.

ரிமோட்டில் நேரம் காட்டுவது கெட்டு ஒரு மாதமாகிறது, வாயால்தான் எண்ண வேண்டும். ஷட்டரைத் திறந்து எண்ணத் தொடங்கினார். இருட்டு இன்னும் முழுதாக விலகாத அந்த நேரத்தில் காற்று தண்ணீரிலிருந்து ஏறி வந்து காதுக்குள் இரைந்தது, அழுகிய பாசியும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை தொண்டையில் ஒட்டியது, பையின் வார் ட்ரைபாட் காலில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்க, அவர் எண்ணுக்கும் அந்தச் சத்தத்துக்கும் தாளம் சேரவில்லை. எழுபதில் ஒரு பெரிய அலை பாறையை மூடியது. பாறை, ஆள், எல்லாம் வெள்ளை. எண்ணுவது நின்றது. வெள்ளை வடிந்ததும் ஆள் அங்கேயே நின்றான். அப்பாடா என்று விட்ட இடத்திலிருந்து எண்ணினார்.

எண்பத்திரண்டில் வலப்பக்கம், பாறைகளுக்கு அப்பால், "மாமா" என்று கேட்டது.

ஆள் எதிரில்தான் நிற்கிறான். ஏதோ கடல்பறவை. இன்னும் நாற்பதுகூட இல்லை. அவர் தலையைத் திருப்பவில்லை.

நூற்றிருபது. ஷட்டரை மூடிப் படத்தைப் பார்த்தார்.

படம் பிரமாதமாக இருந்தது. கடல் முழுக்கப் புகை, அதன் நடுவில் கல்லில் வெட்டியது போல ஒரு ஆள். பெரிதாக்கினார். காலரின் தையல் தெரிந்தது. வெல்டிங் பொறி பட்டுச் சட்டை முதுகில் விழுந்திருந்த ஓட்டைகளை எண்ணலாம் போலிருந்தது. கையை நோக்கி நகர்த்தினார். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு துளி. விழப்போகிற துளி.

இரண்டு நிமிடம் விழாத துளி.

நிமிர்ந்து பார்த்தார். காற்றில் அவர் பேன்ட் படபடத்தது. பையின் வார் அடித்துக்கொண்டிருந்தது. பாறையில் நின்றவனின் சட்டை ஆடவில்லை. ஒரு அலை வந்து அவன் முழங்கால்வரை ஏறி இறங்கியது. அவன் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றவில்லை. மூச்சுக்குத் தோள் ஏறவில்லை.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது வலப்பக்கம் மறுபடி கேட்டது. இப்போது இன்னும் தொலைவில். குரலுக்குள் தண்ணீர் இருந்தது.

"மாமா... போதுமா?"

திரும்பினார். அலைகளுக்கு நடுவே ஒரு கை. ஓரிடத்தில் நிற்காத கை.

ஓடினார். இடுப்பளவு தண்ணீர். அலை தூக்கிக் கல்லில் எறிந்தது. எழுந்தார். மறுபடி எறிந்தது. அவருக்கும் நீச்சல் தெரியாது.

"போதும்டா! வா! போதும்! வந்துடுடா!"

கை இல்லை.

பாறையில் நின்றது திரும்பியது.

இறங்கியது. வந்தது. அவசரமில்லை. கூப்பிட்டதற்கு வருகிற நடை. இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு இமை மயிரும். கடலை விட்டு அவர் பின்னால் பின்னாலேயே நகர்ந்தார். ட்ரைபாட்டில் முதுகு இடித்தது.

அது பக்கத்தில் வந்து நின்றது. தோளோடு தோள். படத்துக்கு நிற்கிற மாதிரி.

பையில் போன் அடித்தது. கை தானாகப் போய் எடுத்தது. மனைவி.

"முடிஞ்சுதா? எனக்கு என்னமோ மனசே சரியில்லை. தம்பி எங்க? பக்கத்துல இருக்கானா?"

அவர் திரும்பவில்லை. கடைக்கண்ணில் ஒரு கை தெரிந்தது.

"இருக்கான்" என்றார்.

"என்ன சத்தத்தையே காணோம்? அவன் சும்மா நிக்கற ஆளில்லையே."

விரல் நுனியில் அந்தத் துளி. இன்னும் விழவில்லை.