வடக்கு நிழலின் விலை

காலையில் பல் துலக்கியதும் நான் முதலில் பார்ப்பது என் கோபுரத்தின் நிழலைத்தான். வேலூரில் நிழல் வைத்திருப்பவர்கள் எல்லோருமே அப்படித்தான். நிழல் எங்கே விழுகிறது, அதில் எத்தனை கடை, எத்தனை தலை என்று ஒரு நோட்டம் விட்டால் அன்றைய வருமானம் தெரிந்துவிடும்.

பகல் வெயிலில் வீடுகள் அடுப்பாகிப்போன பிறகு, மனை வாங்கி வீடு கட்டுவதில் காசில்லை. நான் கட்டியது நிழற்கோபுரம். இருபது மாடி உயரத்துக்குத் தடித்த மண்சுவர், மேலே காற்றுத் துளைகளோடு ஒரு கூரை, உள்ளே வாசல்கூட இல்லாத வெறும் கூடு. அறை வைத்தால் குழாய், லிப்ட், வீட்டு வரி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். வாடகை வட்டிக்கே போதாது. சுவர் மட்டும் என்றால் வங்கி கண்ணை மூடிக்கொண்டு நிழற்கடன் தரும். தவணை கட்டியது போகவும் கையில் நிற்கும். இந்தக் கணக்கில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

வடக்குப் பக்கத்து நிழலில் வாடகைக்குக் குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தாள் நஸ்ரீன். ஆவணிக் கடைசியில் குன்னூரிலிருந்து வந்தவள். தை பிறந்ததும் அந்த நிழலை விலைக்கே கேட்டாள். நகையை எல்லாம் விற்றுப் பாதி, நிழற்கடன் வாங்கி மீதி. அந்தப் பணம் வந்தால் என் அடுத்த கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிடலாம்.

எங்கள் ஊரில் நிழல் பதிவு என்றால் தையில்தான். உச்சி வேளையில் நிழல் அளவையர் வந்து ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போடுவார். வாங்குபவர் கோட்டுக்குள் நின்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் நிழல் கைமாறிவிட்டது என்று அர்த்தம். அன்று விழுந்த நிழலுக்குத்தான் விலை. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். சித்திரையில் அதே சூரியன் நடுமண்டைக்கு வந்துவிடும், உச்சியில் நிழல் சுவரடியோடு சுருண்டுவிடும். ஆனியில் தெற்குப் பக்கமே போய்விடும். இதை வாங்குபவர் கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்பது சட்டம்.

அளவையர் கோடு போட்டு முடித்தார். நஸ்ரீன் குடத்தோடு வந்தாள். பின்னாலேயே வாண்டுகள் கூட்டம்.

“எவ்ளோ நீளம் பாருங்கக்கா. வெயில் காலத்துல இன்னும் பத்து பசங்களச் சேர்த்துக்குவேன். கடனச் சீக்கிரமே அடைச்சிடலாம்.”

அவள் கேட்கவில்லை. சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் அவள் காதில் தோடுகூட இல்லாததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஊத்தாத, நில்லு,” என்றேன். “சித்திரையில இங்க உச்சி நிழல் இருக்காது. ஆடி வரைக்கும் வெயிலு நேரா பசங்க மேலதான்.”

அளவையர் என்னை முறைத்தார். நஸ்ரீன் குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“அப்ப நிழல் எங்கக்கா இருக்கும்?”

“கோபுரத்துக்கு உள்ளதான்.”

“உள்ள யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“ஏன்?”

கட்டுப்படியாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று வங்கி மேலாளரைப் போனில் அழைத்தேன்.

“சார், கோபுரத்துக்கு ஒரு வாசல் வைக்கணும். கடன் வேணும்.”

“வாசலா மேடம்? அதுல நிழல் விழுமா?”

“விழாது. ஆனா உள்ள இருக்கிற நிழல் வருஷம் முழுக்க நகராது சார். வாடகையும் நிக்காது. யோசிச்சுப் பாருங்க.”

“அப்படி ஒரு திட்டமே எங்ககிட்ட இல்லையே.”

“சீக்கிரம் கொண்டாந்துடுவீங்க,” என்று வைத்துவிட்டேன். அடுத்த கோபுரத்தைத் தள்ளிப்போட்டு, கைக்காசிலேயே பங்குனிக்குள் சுவரை வெட்டினேன். நஸ்ரீனுக்கு இன்றும் வாடகைதான், அதே வாடகை. நகை விற்ற பணம் அவளிடமே இருக்கிறது.

சித்திரை முதல் வாரம், உச்சி வெயில். குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே ஓடினார்கள். கடைசியாக வந்த ஒரு சிறுமி மட்டும் வாசலில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, இது யாரு வீடு?”

இருபது மாடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். அதை வீடு என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பதிலுக்குக் காத்திராமல் அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.